இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது

அக்டோபர் 22, செவ்வாய்

அறையில் இருந்தவர்கள்: எக்ஸ்ரே டாக்டர், ஆண். மெஷின் ஓட்டுபவர், அவரும் ஆண். நர்ஸ் ஒருவர். பச்சைச் சேலை ஆயா. வேலை பழக வந்த பெண்கள் இரண்டு பேர். கதவை முழுக்கச் சாத்த விடாமல் அந்த இடைவெளியில் நின்ற என் மாமியார். நான். சுவரில் லட்சுமி படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அவளைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அவள் பார்த்திருக்கக் கூடாது.

இவர், என் வீட்டுக்காரர், உள்ளே வரவில்லை. வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

பால், கேஸ், சீட்டு, கோயில் உண்டியல் என்று எதையும் எழுதாமல் விட்டவளில்லை நான். இதையும் எழுதுகிறேன். யார் யார் பார்த்தார்கள் என்பது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி, அது கருக்குழாய் வழியாகப் போய் வயிற்றுக்குள் வழிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். வழிந்தால் குழாய் திறந்திருக்கிறது. தேங்கி நின்றால் அடைப்பு. கல்யாணமாகி ஆறு வருடமாக எனக்கு ஒன்றும் உண்டாகாததால் இந்தப் பரிசோதனை. இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. இவருடைய அக்கா சாந்தாமணியின் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுடைய விலங்கியல் புத்தகத்தை வாங்கிவந்து படத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். குழாய் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து போகிறது.

மேஜைமேல் விரித்திருந்த ரெக்சின் ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் படுத்தவளின் ஈரம். ஆயா ஒரு துணியால் அதை இழுத்துத் துடைத்தார். அதே துணியால் கால் வைக்கிற கம்பியையும் துடைத்தார்.

“ஏறு கண்ணு, ஏறு. பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க.”

ஏறினேன். சேலையை யார் தூக்கினார்கள் என்று தெரியவில்லை. டாக்டர் பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ் இருந்தது. மேலே ஆடை படிந்து சுருங்கியிருந்தது. மருந்து உள்ளே போகும்போது நான் அந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல அடிவயிறு முறுக்கியது. முருகா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் அவன் பேரை எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் என்னிடம் பேசவில்லை. மெஷின்காரரிடம், “ரைட்டு வழியுது பாரு. லெஃப்டும் வழியுது. எடுத்துக்கோ” என்றார்.

கதவிலிருந்து அத்தை கேட்டார்: “அடைப்பு இருக்குதுங்களா டாக்டர்?”

“ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும்மா. நல்லா இருக்குது.”

“இன்னொருக்கா நல்லாப் பாருங்க.”

பழக வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த மருந்து பசை மாதிரி வழிந்துகொண்டே இருந்தது. துணியைக் காட்டச் சொன்னார் அத்தை. காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். அன்றைக்கு வைத்த ரசத்தை நான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: “உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை கோகிலவாணி. அடுத்து உங்க வீட்டுக்காரருக்குப் பார்க்கணும். விந்துப் பரிசோதனை. ரொம்ப சுலபம். ஒரு ரூம் குடுப்பாங்க, ஒரு டப்பா குடுப்பாங்க. உள்ள தாப்பாள் போட்டுக்கலாம். யாரும் வரமாட்டாங்க.”

உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை. அவருக்கு.

இவர் தலையாட்டினார். பைக்கை எடுக்கும்போது, “தீவாளி போகட்டும்” என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளி எண்ணெய்ச் சட்டி தேய்த்தேன். கை இன்னும் வழுக்குகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

ஞாபகப்படுத்தினேன். பஸ் பாடி பட்டறையில் இவருக்குப் பெயிண்டிங் வேலை. “ரெண்டு வண்டி டெலிவரி நிக்குது. முடியட்டும்” என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

கார்த்திகை ஒன்று. பட்டறை முதலாளி சென்னியப்பன்தான் இவர்கள் குழுவுக்குக் குருசாமி. அவர் கையால் இன்று காலை இவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். வழக்கமாக மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போடுவார். இந்த வருஷம் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறார்.

இனி நானும் இவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய், கறுப்பு வேட்டிக்குத் தனி வாளி. என் மாதவிலக்கு நாட்களில் நான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. நங்கையா வீட்டுக்குப் போய்விட வேண்டும். நங்கையா என்றால் சாந்தாமணிதான். இதெல்லாம் முறை. முறைக்கு நான் குறுக்கே நின்றதில்லை.

தட்டில் சோறு போடும்போது கேட்டேன்: “சாமி, அந்த டெஸ்ட்டு?”

“மாலையோட அந்தக் காரியம் பண்ணச் சொல்றியா? பாவம்டி.”

பாவம்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஒறம்பரை வீட்டில், சொந்தக்காரர்கள்தான், காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரையும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“உனக்குக் கொழாய் அடைப்பாமா? உன்ற மாமியா சொன்னாங்க.”

“இல்லீங்க, தொறந்திருக்குதுன்னு...”

“மறைக்காத கண்ணு. என்ற தங்கச்சி மருமவளுக்கும் அப்படித்தான். ஊதி வுட்டாங்க, செரியாயிருச்சு.”

எதிர் வரிசையில் இருந்தவள் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டே, “சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பாக்கற மாதிரி” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. என் உடம்புக்குள் இருப்பது வாழையிலையில் பாயசத்தோடு ஓடியது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். அத்தை தூரத்தில் வெற்றிலை மென்றபடி என்னைப் பார்த்தார். நான் கை கழுவப் போய்விட்டேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காமல் டாக்டர் சொன்னதை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம்.

டிசம்பர் 11, புதன்

திங்களிலிருந்து நங்கையா வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் பக்கத்தில் எனக்குப் பாய். இங்கே மாலை போட்டவர் யாருமில்லை. ஆனாலும் தீட்டு தீட்டுதான் என்கிறார் நங்கையா. சாப்பாட்டுக்கு மட்டும் குறைச்சலில்லை. வாயும் அப்படியே.

இன்று மத்தியானம் அவருக்கு அம்மா மேல் கோபம். பழைய நகைக் கதையை எடுத்தார். எழுதுகிறேன், ஏனென்றால் சிரிப்பாக இருந்தது.

“என்ற கண்ணாலத்துக்குப் போட்ட சங்கிலி அது. உன்ற வூட்டுக்காரன் யுவராசுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சுன்னு என்ற கழுத்துலருந்து கழட்டி அவங் கழுத்துல மாட்டி வுட்டாங்க. அப்ப அவனுக்குப் பதினேழு வயசு இருக்கும். ஐடிஐ படிச்சுக்கிட்டிருந்தான். தவள மாதிரி தாடை.”

“தங்கம் போட்டாத்தான் எறங்கும்னு சொல்லுவாங்க நங்கையா.”

“எறங்குச்சு, எறங்குச்சு. எங்க எறங்குச்சுன்னு கேளு. கழுத்து வத்திக் கீழ எறங்கிருச்சு. கால அகட்டி வெச்சுக்கிட்டு ஒரு மாசம் கட்டில வுட்டு எந்திரிக்கல. கோவணத்துல பூசணிக்கா கட்டுன மாதிரி! அம்மா யாரையும் பாக்க வுடல. சங்கிலி மட்டும் இன்னும் எனக்குத் திரும்பி வரல.”

சிரித்தேன். அப்புறம் அவர் உள்ளே போய்விட்டார். நான் விலங்கியல் புத்தகத்தை எடுத்து ஆண் பக்கத்துப் படத்தையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தை இதுவரை நான் திருப்பியதில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மறுபடியும் பரிசோதனை. கரூரில் பார்த்தது சரியில்லை, ஈரோட்டில் பெரிய ஆசுபத்திரி இருக்கிறது என்று அத்தை கூட்டிப்போனார். இவர் விரதம் என்பதால் வரவில்லை.

அறையில் இருந்தவர்கள்: பெண் டாக்டர், மெஷின்காரர், நர்ஸ், அத்தை. இந்த முறை திரை போட்டிருந்தார்கள். அத்தை திரைக்கு உள்பக்கம் நின்றார்.

திரையில் யாருடைய கைத்தடமோ, மஞ்சளாக. தொட்டிக்குள் பஞ்சு நிறைந்து தரையில் சிந்தியிருந்தது. என் செருப்பு அதில் ஒட்டியது. நான் கத்தியபோது அத்தை டாக்டரிடம், “அடைப்பு இருந்தாத்தானுங்க இப்படி வலிக்கும்?” என்று கேட்டார். ஆசையாகக் கேட்டார். அந்தக் குரலில் இருந்தது ஆசைதான். வேறு சொல் இருந்தால் அதை எழுதியிருப்பேன்.

“இல்லம்மா. ரெண்டு பக்கமும் திறந்திருக்கு.”

பிறகு டாக்டர் தன் அறையில் கேட்டார்: “இவ ஹஸ்பண்டோட ரிப்போர்ட் எங்கே?”

“என்ற பையன் மாலை போட்டிருக்கானுங்க.”

“மாலையைக் கழட்டினப்புறம்?”

“பாத்துக்கலாமுங்க. மொதல்ல இவளுக்கு வேறென்ன டெஸ்ட்டு இருக்குதோ எல்லாத்தையும் பாத்துருங்க.”

நான் வாயைத் திறந்தேன். “டாக்டர், பொன்னுக்கு வீங்கி வந்து கீழ எறங்குனா ஏதாவது ஆகுங்களா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “யாருக்கு? எந்த வயசுல?”

“வீட்டுக்காரருக்கு. பதினேழுல.”

“ரெண்டு பக்கமும் வீங்கிச்சா?”

எனக்குத் தெரியவில்லை. அத்தையைப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது போல. “அப்போ முதல்ல அவரைத்தாம்மா பார்த்திருக்கணும். இந்தப் பொண்ணைப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க?” என்றார்.

பஸ்ஸில் அத்தை கொய்யா வாங்கி மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். அவர் விரல் நுனியெல்லாம் சிவப்பு.

“அந்தக் கதையெல்லாம் எதுக்கு அங்க போயி? அது சின்னப் பையனா இருந்தப்ப வந்த காச்ச.”

வழி முழுக்க எனக்குக் கீழே கசிந்துகொண்டே வந்தது. சீட்டில் பட்டிருக்குமோ என்று இறங்கும்போது கையால் தடவிப் பார்த்தேன்.

டிசம்பர் 18, புதன்

துவைத்தேன். மாலைக்காரர் துணி ஒரு வாளி. என்னுடையது வேறு வாளி.

டிசம்பர் 23, திங்கள்

மலைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். வீட்டு வாசலில் தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றி, சாமி படத்துக்குப் போடுவதுதான் வழக்கம். மற்றவர்கள் வீட்டில் எல்லாம் கழற்றிவிட்டார்கள். இவர் தேங்காயை உடைத்தார். மாலையைக் கழற்றவில்லை.

“தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறேன்னு வேண்டியிருக்கறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்.”

மலையிலிருந்து வந்த காலில் விழ வேண்டும். விழுந்தேன். வெடித்த குதிகால், நகக்கண்ணில் கறுப்பு அழுக்கு, பாதத்தில் வழிச் சேறு. நெற்றி அதில் பட்டது. ஆறு வருஷமாகப் புண்ணியம் என்று நினைத்து விழுந்த கால். இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அடிவயிறு ஈரோட்டிலிருந்து இன்னும் வலிக்கிறது.

“எந்திரி” என்று அவர் சொல்லும்வரை எழக் கூடாது. அவர் அம்மாவிடம் அரவணைப் பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 30, திங்கள்

ஜனவரி 20-ஆம் தேதி எனக்கு ஆபரேஷன் குறித்திருக்கிறது. லேப்ராஸ்கோபி. தொப்புள் பக்கம் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுக் கருக்குழாயை நேரிலேயே பார்ப்பார்களாம். இது வேறு ஆசுபத்திரி. இங்கே இவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அத்தை போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

இதிலும் ஒன்றும் தெரியாவிட்டால்? என்று கேட்டேன்.

“அப்பறம் உன்ற அப்பனைக் கூப்புட்டுப் பேசிக்கலாம். யுவராசுக்கும் வயசாவுதில்ல” என்றார் அத்தை. என்ன பேசுவார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சாதிசனத்தில் இப்படிப் பேசி மருமகளைத் திருப்பி அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். இவர் பெயிண்ட் வாங்க வெளியே போயிருந்த நேரம். அந்த நேரம் தெரிந்துதான் போனேன்.

குருசாமி ஒரு பஸ்ஸின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “வா அம்மிணி. என்ன இவ்வளவு தூரம்?”

வெளி ஆண்களிடம் பேசத் தயங்குகிறவள் நான். ஆனால் விரதத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் குருசாமியிடம்தான் கேட்க வேண்டும். அதனால் தைரியம் வந்தது. “சாமி, மலைக்குப் போயிட்டு வந்தும் மாலைய ஏனுங்க கழட்டல? அவருக்கு ஆசுபத்திரில ஒரு டெஸ்ட்டு எடுக்கோணும். மாலை கழுத்துல இருந்தா ஆகாதுங்கறாரு.”

“நான் கழட்டச் சொன்னேனே! வாசல்ல நின்னுக்கிட்டு மந்திரமுஞ் சொன்னேன். கேக்கல. ஐயப்பன் மாலையோட பழனிக்கு நடக்கறானாம். இது எந்த ஊரு மொறைன்னு நானே கேட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஆமா, எந்த டெஸ்ட்டு?”

சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“மறுபடியுமா? அதுதான் சேலத்துல எடுத்தாச்சே.”

நான் நிமிர்ந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “அம்மிணி... உனக்குத் தெரியாதா? தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“எப்பங்க?”

“ரெண்டு வருசமிருக்கும். நாந்தான் கூடப் போனேன். அணு ஒண்ணுகூட இல்லைன்னுட்டாங்க. சின்ன வயசுல வந்த வீக்கத்தால இருக்குமுன்னு சொன்னாரு டாக்டரு. வழி இல்லாம இல்ல, சம்சாரத்தக் கூட்டிட்டு வா பேசலாமுன்னும் சொன்னாரு. திரும்பி வரும்போது பஸ்ஸுல தேம்பித் தேம்பி அழுதான். வூட்ல நான் சொல்லிக்கறேன்னான். நானும் வுட்டுட்டேன்.”

எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். டீயில் ஆடை மிதந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

அழுதாராம். அதை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. இல்லையென்று எழுத மாட்டேன். ஆனால் அக்டோபரில் அந்த ஈர ரெக்சினில் நான் படுத்தபோது வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தாரே. அப்போதே இது அவருக்குத் தெரியும். ஈரோட்டுக்கு நான் கிளம்பியபோது நெற்றியில் விபூதி வைத்துவிட்டாரே. அப்போதும் தெரியும். அந்த விபூதி வைத்த இடத்தை இன்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சாமி விபூதிதான். ஆனாலும் தேய்த்தேன்.

ஜனவரி 4, சனி

அத்தை அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சேலத்துல எடுத்த டெஸ்ட்டு உங்களுக்குத் தெரியுங்களா அத்தை?”

கீரையிலிருந்து ஒரு புழுவை எடுத்து நசுக்கினார். “தெரியாம?”

“தெரிஞ்சுதான் என்னைய ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனீங்களா?”

“மெதுவாப் பேசு. அவங் காதுல வுழுகப் போவுது. ஆம்பளைக்கு அணு இல்லைன்னு வெளிய தெரிஞ்சா அவம் பட்டறைல தலை நிமிந்து நிப்பானா? பங்காளிக வூட்டுல வெத்தலை எடுப்பானா? உனக்குக் கொழாய் அடைப்புன்னு சொல்லி வெச்சிருக்குது. வயித்துல ஒரு ஓட்ட போட்டா, ஆமா, வைத்தியம் பாத்தாங்கன்னு ஊரு நம்பும். உனக்கு ஓட்ட போட்டா ஆறிப்போகும். அவனுக்குப் பேரு போனா வருமா?”

கோபமாகச் சொல்லவில்லை. கீரைக்குப் பூண்டு எத்தனை பல் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். என் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டு, “போயி உலை வை” என்றார்.

இவர் பூஜையில் இருந்தார். கதவருகே போய் நின்று, “சேலத்துக்குப் போனீங்களா?” என்று கேட்டேன். சாமி என்று சேர்க்கவில்லை. இவர் கண்ணைத் திறக்காமல் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். சரணத்தைச் சத்தமாகச் சொன்னார். நான் கேட்கக் கேட்க அவர் சத்தம் கூடிக்கொண்டே போனது. எதிர்வீட்டுக்காரர்கள், என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சரணத்தைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டது இந்தப் பிறவியில் இதுதான் முதல் தடவை.

உலை வைத்தேன். கீரை கடைந்தேன். யாருக்கும் பரிமாறவில்லை.

ஜனவரி 6, திங்கள்

விலக்கானேன். பையில் இரண்டு சேலை கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டு நங்கையா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

நங்கையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைத் திட்டினாலும் அம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுப்பைப் போய் அணைத்துவிட்டு வந்தார். பிறகு, “என்ற சங்கிலியும் போச்சு, அவனுந் தேறல” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் துவைக்கிற கல் பக்கத்தில் கிடந்த என் பாயைச் சுருட்டி எடுத்துப் போய்த் தன் அறைக்குள் விரித்தார்.

“தீட்டுங்களே நங்கையா.”

“கெடக்குது போ. எல்லாத் தீட்டையும் பாத்தாச்சு.”

ஜனவரி 12, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே விலக்கு நின்று தலைக்குக் குளித்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. இன்று அத்தை போன் செய்தார்.

“குளிச்சாச்சா?”

“இன்னும் நிக்கலீங்க அத்தை.”

“எத்தன நாளாச்சு, இன்னுமா?”

“ஆமாங்க. போயிட்டே இருக்குது.”

“இருவதாந்தேதிக்குள்ள நின்னாகோணுமே. ஆசுபத்திரில சொல்லி வெச்சிருக்குது.”

“நிக்கற மாதிரி தெரியலீங்க. மாலை இருக்கற வூட்டுக்குள்ள தீட்டோட வரலாங்களா அத்தை? சாமிக்கு ஆகாதுங்களே.”

நங்கையா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். போனை வைத்ததும், “அடிப்பாவி, தைப்பூசம் வரைக்குமா போவுது உனக்கு?” என்றார்.

“அவரு மாலை கழட்டற வரைக்கும் போவுமுங்க.”

பொய்தான். விரதத்தின் பேரில் சொன்ன பொய். இவர் மாலைக்குப் பின்னால் ஒளிந்தார். நான் தீட்டுக்குப் பின்னால் ஒளிகிறேன். முருகனிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். விளக்கு ஏற்றி, நின்றபடியே சொன்னேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல். இவர் கரும்போடு வந்தார். எனக்கு இன்னும் தீட்டு என்று அவர் நம்புவதால் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். கறுப்பு வேட்டி, மாலை, வளர்ந்த தாடி. கரும்பில் ஈ மொய்த்தது.

நங்கையா வாசல் தெளித்துக்கொண்டே கேட்டார்: “என்றா யுவராசு, பொண்டாட்டிக்கு இத்தன நாளா ரத்தம் போவுதுன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியா, கரும்பு குடுத்துட்டுப் போவியா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “கோகிலா, திங்கக்கெழம ஆசுபத்திரி...”

“நான் வரலைங்க. ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“அம்மாகிட்ட கேக்காமயா?”

“வயிறு என்றதுங்க. சேலத்துல டாக்டரு சம்சாரத்தக் கூட்டிட்டு வரச் சொன்னாராமே. ஏன் கூட்டிட்டுப் போகல?”

தெருவைப் பார்த்தார். பால்காரர் வண்டி போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“யாரு சொன்னா?”

நான் கேட்டதற்கு அதுவா பதில்? ஆறு வருஷம் வாழ்ந்த மனிதருக்கு வேறு ஒரு சொல் வரவில்லை. ஒரு நிமிஷம் அவர் கண் கலங்கியது போல இருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. ஆனால் தீட்டுக்குப் பயந்து ஒரு அடி பின்னால் போனார். கரும்பைக் கேட்டில் சாய்த்துவிட்டுக் கிளம்பினார்.

எறும்பு ஏறியபின் நங்கையா அதை மாட்டுக்குப் போட்டார்.

ஜனவரி 18, சனி

காலையிலிருந்து உட்கார்ந்து, போனில் நானே எழுத்துக் கூட்டி அடித்து இவருக்கு அனுப்பினேன். அனுப்பியதை அப்படியே இங்கும் எழுதி வைக்கிறேன்.

“உங்களுக்குக் கோகிலவாணி எழுதுவது. எனக்கு இப்போது தீட்டு இல்லை. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமையே குளித்துவிட்டேன். அத்தையிடம் சொன்னது பொய். நீங்கள் என்னிடம் சொல்லாமல் விட்டதை நான் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்குக் குறை இருப்பதால் நான் உங்களை விட்டு வரவில்லை. குறை யாருக்கும் வரும். உங்களுக்குப் பதிலாக என்னை இரண்டு தடவை அந்த மேஜையில் படுக்க வைத்ததும், மூன்றாவது தடவை வயிற்றில் துளை போடப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை. சோறு வாயில் வைத்தால் அந்த மருந்து வாடைதான் வருகிறது.

இரண்டு காரியம் கேட்கிறேன். மாலையைக் குருசாமி கையால் கழற்றிவிட்டு என்னோடு சேலத்துக்கு வர வேண்டும். டாக்டர் என்ன வழி சொல்கிறாரோ அதை இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்போம். வழியில்லை என்றாலும் சேர்ந்தே கேட்போம். அதற்கு முன்னால், காதுகுத்தில் எந்தச் சனத்திடம் எனக்குக் குழாய் அடைப்பு என்று அத்தை சொன்னாரோ, அவர்களிடம் அது இல்லை என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். உங்களுடையதைச் சொல்ல வேண்டாம். அது உங்கள் இஷ்டம். என்னுடையதைத் திருத்தினால் போதும்.

முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் அப்பாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நங்கையா வீட்டில் ரொம்ப நாள் இருக்க முடியாது.

வருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.”